எட்டு மாதப் பொடி

அத்தியாயம் 9

சிவப்புக் காய் குழிக்குள் விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழுந்தது. காஜா மொய்தீன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என் கைல தப்பு இல்ல சார். எல்லாம் இந்தப் பவுடரு செஞ்ச வேல. எங்க மாமியாரு மாதிரி, லேசா தொட்டாப் போதும், எங்கியோ போய்த்தான் நிக்குது."

வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. பலகையின் மேல் விரலை வைத்து இழுத்தார். விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைப் பொடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

காசிமேட்டில் வலை காயும் மணலை ஒட்டி இருந்த தகரக் கொட்டகை அது. நாலு கேரம் பலகை, ஒரு பெட்ரோமாக்ஸ், சுவரில் போன வருஷத்துக் காலண்டர். அன்றைக்கு 1956 ஜூன் இரண்டாம் தேதி, சனிக்கிழமை. காலை பத்து மணிக்கே கொட்டகைக்குள் வியர்த்துக் கொட்டியது.

வேதமாணிக்கம் துறைமுகப் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷமாகத் தனியாகத் துப்பறிந்துகொண்டிருந்தார். காஜா ஒரு காலத்தில் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன். கடத்தல் வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல அவரிடம் வந்தான். வழக்கு முடிந்தது, தீர்ப்பு வந்தது, குற்றவாளி தண்டனையை அனுபவித்துவிட்டு வெளியேயும் வந்துவிட்டான். காஜா மட்டும் இன்னும் போகவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் வேதமாணிக்கத்தின் மனைவி ஞானம் இறந்துபோனாள். அன்று முதல் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களை "வாங்க, உட்காருங்க" என்றார். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. புதன்கிழமை சொக்கம்மாள் என்ற பெண் வந்து, "என் வூட்டுக்காரரு திருடல சார், நீங்கதான் காப்பாத்தணும்" என்று வாசலில் உட்கார்ந்தபோதுகூட, இரக்கப்பட்டு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு காரணம் யோசிக்க வேண்டியிருந்தது. சரி என்பது சுலபமாக இருந்தது.

சொக்கம்மாளின் புருஷன் பொன்னுரங்கம் திருவொற்றியூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்டு மேஸ்திரி. அந்தக் கம்பெனியின் பின்கட்டில் ஐம்பதடி உயரத்துக்கு ஒரு குழாய் நிற்கிறது. தொழிலாளர்கள் அதைக் கோபுரம் என்பார்கள். போரான் என்ற தனிமத்தில் இரண்டு வகை உண்டு; ஒன்றுக்கு எடை பத்து, மற்றதற்குப் பதினொன்று. ஒன்றாகவே பிறந்து ஒன்றாகவே கிடப்பவை. அவற்றைப் பிரிப்பதுதான் கோபுரத்தின் வேலை. கீழே காய்ச்சினால் ஆவி மேலே போகும், குளிர்ந்து கீழே வரும், மறுபடி போகும். இப்படி இரவும் பகலும் எட்டு மாதம் ஓடினால் பத்து மெல்ல மெல்ல அடியில் சேரும். அதை எடுத்துப் பொடியாக்கினால் இரண்டு ராத்தல் தேறும். பம்பாயில் கட்டிக்கொண்டிருந்த அணு உலைக்கு அந்தப் பொடியிலிருந்துதான் கட்டுப்பாட்டுத் தண்டு செய்ய வேண்டும். உலை வேகம் பிடித்தால் தண்டை உள்ளே இறக்குவார்கள். பத்து இருக்கிறதே, அது நியூட்ரான்களை விழுங்கி உலையை அடக்கிவிடும்.

தலைமை ரசாயனர் தேவப்பிரியம் இதை விளக்கியபோது காஜா சொன்னான்: "ரயிலுக்கு பிரேக்குக் கட்ட மாதிரி. ஆனா சார், லேசானது அடில தங்குது, கனமானது மேல போவுதுன்றீங்களே, இது எங்க வார்டு எலெக்சன் மாதிரி இல்ல கீது!"

அந்த இரண்டு ராத்தல் பொடி டப்பாவில் போட்டு அரக்கு வைத்து பம்பாய்க்குப் போயிற்று. போன திங்கட்கிழமை அங்கிருந்து தந்தி வந்தது. முத்திரை உடையவில்லை, உள்ளே இருப்பது கடையில் விற்கிற சாதாரணப் பொடி. யாரோ முத்திரை வைப்பதற்கு முன்பே மாற்றிவிட்டார்கள். பொடி இருந்த பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று தேவப்பிரியத்திடம், மற்றது பொன்னுரங்கத்திடம்.

அன்று மாலையே பொன்னுரங்கம் லாக்கப்புக்குப் போனான். அந்நிய நாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டான் என்று பேச்சு. ஆறு நாளாக அவன் வாயைத் திறக்கவில்லை. வேதமாணிக்கம் போய்ப் பார்த்தபோதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். முப்பது வயது, கறுகறுவென்று சுருட்டை முடி. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. ஆனால் வயது சரியாகப் பொருந்தவில்லை. அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை பம்பாயிலிருந்து அதிகாரிகள் வந்து அவனை அழைத்துப் போவார்கள். அப்புறம் அரசு ரகசியச் சட்டம், பூட்டிய கோர்ட்டு. சொக்கம்மாள் அவனை எப்போது பார்ப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த நிலையில்தான் காஜா ஒரு துப்போடு வந்தான். காசிமேட்டு கிளப்பில் இருக்கும் கேரம் பவுடர் கடைச் சரக்கு இல்லையாம். கோபுரக் கம்பெனியிலிருந்து வந்ததாம்.

வேதமாணிக்கம் ஒரு சாசரில் பொடியைக் கொட்டி, பெட்ரோமாக்ஸுக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டைக் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தார். சுடர் வாழையிலைப் பச்சையில் எழுந்தது.

"அம்புட்டுதுடா!" காஜா குதித்தான். "பச்ச வௌக்கு வுழுந்துருச்சி சார். அணு உலை பிரேக்கு மேல நம்ம பசங்க காய் அடிச்சிகினு கீறானுங்க!"

"எந்த போரிக் பவுடரிலும் போரான் இருக்கிறது, எல்லாம் பச்சையாகத்தான் எரியும், காஜா."

"அப்ப இது பத்தா, பதினொண்ணா?"

"அது பம்பாயில் இருக்கிற கருவிக்குத்தான் தெரியும்." வேதமாணிக்கம் கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் ரஷீதைத் திரும்பிப் பார்த்தார். "இதைக் கொடுத்தது யார்?"

"வேலப்பன் சார். கோபுரத்துல தினக்கூலி. மூட்ட கொட்ற எடத்துல செதறினத கூட்டி அள்ளிகினு வருவான். கோகோ டப்பால போட்டுக் குட்த்தான்."

"எப்போது?"

"பொங்கலுக்கு முன்னாடி."

காஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. கோபுரத்தின் சரக்கு மே மாதம் பாதிக்கு மேல்தான் பொடியாயிற்று. பொங்கலுக்கு முன்னால் வந்தது கோபுரத்துக்குள் போகாத சாதாரணப் பொடி. பத்தும் பதினொன்றும் பிரியாமல் கிடக்கிற பொடி.

"போச்சு. நம்ம துப்பு நாஸ்தி" என்றான் காஜா.

வேதமாணிக்கம் எழுந்திருக்கவில்லை. "வேலப்பன் இன்றைக்கு ஆட வரவில்லையா?"

"அத்த ஏன் கேக்குறீங்க" என்றான் ரஷீது. "மூணு வாரமா ஆளே காணோம். காசிமேட்டுலயே அவன் வெரலுக்கு ஈடு கெடையாது. கல்யாணத்தன்னிக்கே வந்து ரெண்டு ஆட்டம் ஆடிட்டுப் போனவன். போன ஞாயித்துக்கெழம ராயபுரம் ஆளுங்களோட பந்தயம். அதுக்கும் வரல. தோத்துப்போனோம்."

"வீடு எங்கே?"

"கோபுரத்துக்குப் பின்பக்கம், மதில ஒட்டி."

வேதமாணிக்கம் சாசரை ஊதி அணைத்தார். "பொடி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை, காஜா. வராமல் போன விரல் ஏதாவது சொல்லுமா, பார்க்கலாம்."

* * *

ஜட்கா திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் குலுங்கிக்கொண்டு போயிற்று. காஜா வழி முழுக்கப் பேசினான். குதிரையைப் பற்றி, குதிரைக்காரனைப் பற்றி, குதிரையைவிடத் தான் எந்தெந்த விதத்தில் மட்டமாக நடத்தப்படுகிறோம் என்பதைப் பற்றி. அவன் பேசுவது வேதமாணிக்கத்துக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் நிறுத்தினால் அந்த இடத்தில் எதை வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

கம்பெனி மதிலுக்கு இந்தப் பக்கம் ஆறேழு ஓலைக் குடிசைகள். அந்தப் பக்கம் கோபுரத்தின் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. டொம், டொம் என்று உலக்கை குத்துகிற மாதிரி சத்தம். மதில் அதிர்ந்தது, குடிசைக்குள் மாட்டியிருந்த அலுமினியத் தட்டு அதிர்ந்தது. தூளியில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

வேலப்பன் பாயில் கிடந்தான். இருபத்தைந்து வயதுக்காரன். கன்னம் உள்ளே போய், கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. மூச்சு விடும்போது விசில் மாதிரி வந்தது. அவன் பெண்டாட்டி பூவம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"காய்ச்சல் ஐயா. பேச முடியாது."

"இன்னா காய்ச்சல் தங்கச்சி?" என்றான் காஜா.

"காய்ச்சல்தான் பாய். காய்ச்சல்ல இன்னா தினுசு கீது?"

வேலப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காற்றுதான் வந்தது. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் பாயின் மேல் தானாகச் சுண்டிக்கொண்டிருந்தது. பூவம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள், வாய் மூடிக்கொண்டது. மிரட்டி வைத்த பயமாகத் தெரியவில்லை. யாருக்கோ வாக்குக் கொடுத்தவள் முகம் அது. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் வேதமாணிக்கம் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியிருந்தார்.

அவர் வேலப்பனை விட்டுவிட்டுத் தூளியைப் பார்த்தார். "இந்தச் சத்தத்தில் குழந்தை எப்படியம்மா தூங்குகிறது?"

பூவம்மாவின் முகம் இளகிற்று. "இதுக்கு இதுதான் தாலாட்டு ஐயா. பொறந்ததுலேந்து இத்தக் கேட்டுகினுதான் தூங்குது. சத்தம் இருந்தாத்தான் தூங்கும். அன்னிக்கு மத்தியானம் நின்னுபோச்சு பாருங்க, திடுக்குன்னு முழிச்சிகினு ஒரே அழுவ. எடுத்தாலும் அழுவுது, பால் குட்த்தாலும் அழுவுது. பொழுது சாஞ்சி மறுபடி ஓட வுட்டப்புறந்தான்…"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காஜா மெதுவாக வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினான். எட்டு மாதத்தில் ஒரு நிமிஷம்கூடக் கோபுரம் நின்றதில்லை என்று தேவப்பிரியம் அவர்களிடம் சொல்லியிருந்தார். எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது என்று சுவரில் பெயிண்டால் எழுதியும் வைத்திருந்தார். கோபுரம் நின்றால் பிரிந்து சேர்ந்த பத்தும் பதினொன்றும் அந்தக் கணமே மறுபடி கலக்கத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் துளித்துளியாகச் சேர்ந்தது ஒரு பகலில் கலைந்துவிடும்.

"எந்த நாள் அது?" என்றார் வேதமாணிக்கம்.

பூவம்மாவின் கண் கூரைப் பக்கம் போயிற்று. ஓலையில் செருகியிருந்த மருந்துச் சீட்டை காஜா உருவினான். வேலப்பன் படுத்த முதல் நாளே தனியார் டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. காஜா தேதியைப் படித்தான். மறுபடி படித்தான். வழக்கமாக ஒரு சீட்டைப் பார்த்தால் டாக்டரின் கையெழுத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருப்பான். இப்போது சீட்டை மட்டும் நீட்டினான்.

மே 11.

வேதமாணிக்கம் ஞானத்தை அடக்கம் செய்த நாள்.

அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பயப்படாதேயம்மா. இவனுடைய வைத்தியம் நிற்காது. அதற்கு நான் பொறுப்பு. பொன்னுரங்கம் லாக்கப்பில் இருக்கிறான். திங்கட்கிழமை கொண்டுபோய்விடுவார்கள். அன்று என்ன நடந்தது என்று மட்டும் சொல்."

பாயிலிருந்து வேலப்பன் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். அவன் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. பூவம்மா தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அன்று மத்தியானம் வேலப்பன் கோபுரத்தின் அடிக்குழியில் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தான். மேலே ஏதோ ஒரு இணைப்பு விட்டுப்போயிற்று. ஆவி வெளியே வந்தது. ஈரக்காற்று பட்டதும் வெள்ளைப் புகையாகிக் குழியை நிறைத்தது. மூச்சு இழுத்தால் தொண்டை வெந்துபோகும் புகை. பொன்னுரங்கம் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தானோ என்னவோ, கொதிகலனை அணைத்தான், பம்பை நிறுத்தினான், ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு குழிக்குள் இறங்கி வேலப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அந்த அண்ணன் இல்லன்னா இந்தக் கொழந்தைக்கு அப்பன் இல்ல ஐயா" என்றாள் பூவம்மா. "யாராண்டயும் சொல்லாத, சொன்னா வைத்தியம் நின்னுடும்னு அந்த அண்ணன்தான் சொல்லிச்சி. சொல்ட்டேனே இப்ப."

* * *

தேவப்பிரியம் தம் அறையில் தனியாக இருந்தார். ஐம்பது வயது. ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, எப்போதும் வெந்நீர் குடிப்பவர். அவரும் வேதமாணிக்கமும் ராயபுரத்தில் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். ஞானத்தின் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவர் ஒருவர்.

"வாங்க மாணிக்கம். ஏதாவது கிடைத்ததா?"

"மே மாதத்து ரிஜிஸ்தர் வேண்டும்."

வந்தது. கோபுரத்தின் அழுத்தமானியில் முள் காட்டும் எண்ணை மணிக்கு ஒரு தரம் எழுதி வைக்கும் நோட்டு. வேதமாணிக்கம் பதினோராம் தேதிப் பக்கத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

"பத்தாம் தேதி நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டரை, நாற்பது என்று ஏறி இறங்கி இருக்கிறது. பன்னிரண்டாம் தேதியும் அப்படித்தான். பதினோராம் தேதி பகல் ஒரு மணியிலிருந்து ஏழு மணி வரை ஏழு கட்டத்திலும் நாற்பத்தொன்று."

"கோபுரம் அன்றைக்கு ஒழுங்காக ஓடியிருக்கிறது" என்றார் தேவப்பிரியம்.

"இல்ல சார்" என்றான் காஜா. "முள்ளப் பாத்து எழுதறவன் கண்டதையும் எழுதுவான். பாக்காம எழுதறவன்தான் ஒரே மாதிரி எழுதுவான். வின்ச்சு ரிஜிஸ்தர்ல நான் எத்தினி வருசம் எழுதிகீறேன், எனக்குத் தெரியாதா?"

வேதமாணிக்கம் சொன்னார்: "பொடியை யாரும் மாற்றவில்லை. யாரும் திருடவில்லை. டப்பாவில் போனது கோபுரத்திலிருந்து வந்த அதே பொடிதான். கோபுரம் ஆறு மணி நேரம் நின்றதில் எல்லாம் கலந்துபோய்விட்டது. திருடுபோக அதில் ஒன்றுமே இருக்கவில்லை."

தேவப்பிரியம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் பொன்னுரங்கம் என்னையும் ஏமாற்றியிருக்கிறான். நிறுத்தியதை மறைத்துப் பொய்யாக எழுதியிருக்கிறான். நான் அன்று இங்கே இல்லை, மாணிக்கம். நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

வேதமாணிக்கம் நாற்காலியின் விளிம்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாக அந்த நாளின் பக்கமே அவர் மனசு போகவில்லை. போகாதே என்று அவர் சொல்லவில்லை. அது தானாகப் போகவில்லை. இப்போது போயிற்று. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டம். வெயில். கறுப்புக் குடைகள். எதிர்ப்பக்கம் தேவப்பிரியம். அவர் பின்னால் வந்து நின்ற ஓர் ஆள். அவர் காதில் ஏதோ சொல்கிறான். நரைத்த தலை. ஞானத்தின் வழியில் தூரத்து உறவுக்காரக் கிழவர் யாரோ என்று அப்போது தோன்றியது. நரைத்த தலைதான். ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"கடைசிப் பாட்டு முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்" என்றார்.

தேவப்பிரியம் நிமிர்ந்தார்.

"ஓர் ஆள் வந்து உங்கள் காதில் சொன்னான். இரண்டு பேரும் கேட்டைத் தாண்டி ஓடினீர்கள். தலை வெளுத்திருந்தது. கிழவன் என்று நினைத்தேன். கிழவன் இல்லை. அந்தப் புகை ஈரத் தலையில் படிந்து காய்ந்த வெள்ளை. லாக்கப்பில் பார்த்தபோது முகம் தெரிந்தது, வயதுதான் இடித்தது. வந்தது பொன்னுரங்கம். அவன் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை, முதலில் உங்களிடம்தான் ஓடி வந்தான். அதற்குச் சாட்சி வேண்டுமா? நானேதான்."

தேவப்பிரியத்தின் கை வெந்நீர் தம்ளரைத் தேடிற்று. எடுக்கவில்லை.

"நீங்கள் பார்க்கவில்லை என்று நினைத்தேன்" என்றார் கடைசியில். "அன்று உங்கள் கண் திறந்திருந்தது. ஆனால் நீங்கள் யாரையும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்."

காஜா முஷ்டியை மடக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். வேதமாணிக்கம் கையை நீட்டித் தடுத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது.

"அவன் நிறுத்தியது சரிதான்" என்றார் தேவப்பிரியம். "அன்றைக்கே அவனிடம் சொன்னேன், நீ செய்தது சரி என்று. பம்பாயில் நாள் குறித்துவிட்டார்கள். இன்னும் எட்டு மாதம் கேட்டால் கோபுரத்தையே மூடிவிடுவார்கள். இந்த நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று சொன்னவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அந்தப் பொடியை உடனே சோதிக்க மாட்டார்கள், அதற்குள் அடுத்த சரக்கு தயாராகிவிடும், சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வேலப்பனுக்கு டாக்டரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றேன். ரிஜிஸ்தரில் நாற்பத்தொன்று என்று எழுதியதும் நான்தான். தந்தி வந்த அன்று… திருட்டு என்ற வார்த்தை என் வாயில்தான் முதலில் வந்தது. ஒரு பெயர் கேட்டார்கள். அவன் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும்."

"சோதிக்காமலே அதை உலைக்குள் வைத்திருந்தால்?"

தேவப்பிரியம் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இஸ்கூல் படிக்காதவன் நான் கேக்குறேன் சார்" என்றான் காஜா. அவன் குரலில் விளையாட்டு இல்லை. "பிரேக்குக் கட்ட இல்லாம ரயில அனுப்புவீங்களா?"

வேதமாணிக்கம் மேஜையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார், பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்தார். தேவப்பிரியம் எழுதத் தொடங்கினார். இரண்டு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லாமல், ரிஜிஸ்தரில் எழுதுகிற கையெழுத்தில். கையெழுத்துப் போட்டதும், தாமே எழுந்து சட்டையை நேர்செய்துகொண்டு, "நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன்" என்றார்.

* * *

மாலை நாலரை மணிக்குப் பொன்னுரங்கத்தை விட்டார்கள். அவன் இருந்த அறைக்கு எதிரே பெஞ்சில் தேவப்பிரியம் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னுரங்கம் பழக்க தோஷத்தில் அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

சொக்கம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அழுதாள், சிரித்தாள், நடுநடுவே அவனைத் திட்டினாள். அவன் முதலில் கேட்டது வேலப்பனைத்தான்.

"நாளைக் காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம்" என்றார் வேதமாணிக்கம். "இனிமேல் யாரும் மறைக்க வேண்டியதில்லை. வேலையில் நடந்த விபத்து. கம்பெனிதான் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பார்க்க வைப்பேன்."

"குரலு வருமா சார்?"

"தெரியாது."

பொன்னுரங்கம் தலையை ஆட்டினான். "நான் வாயத் தொறந்திருந்தா அந்த டாக்டரு வந்திருக்க மாட்டாரு சார். அதான். நம்மள எத்தினி நாளு உள்ள வச்சிருப்பாங்க, அவன் எழுந்து ஒக்காரட்டும்னு பாத்தேன். இம்மாம் பெரிய கேசுன்னு எனக்குத் தெரியல."

"அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது நீதானே?"

"ஆமா சார். சைக்கிள மெறிச்சிகினு வந்தேன். யாரு சாவுன்னே தெரியாது. உங்கள லாக்கப்புல பாத்தப்பதான் தெரிஞ்சிது. சொல்லக் கூச்சமா இருந்திச்சி."

வேதமாணிக்கம் போகத் திரும்பினார். திரும்பியவர் நின்றார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் மண் போட்டேனா?"

"சார்?"

"குழியில். எல்லோரும் போட்டிருப்பார்களே. நான் போட்டேனா?"

பொன்னுரங்கம் காஜாவைப் பார்த்தான். காஜா தரையைப் பார்த்தான்.

"இல்ல சார்" என்றான் பொன்னுரங்கம் தணிந்த குரலில். "பாதிரியாரு ரெண்டு தபா உங்களக் கூப்ட்டாரு. நீங்க அப்படியே நின்னுகினு இருந்தீங்க. யாரோ கையப் புடிச்சி இட்டுகினு வந்தாங்க, அப்பவும் கைய விரிக்கல. அப்பால வுட்டுட்டு பாட்டு பாட ஆரம்பிச்சாங்க." கொஞ்சம் தயங்கினான். "நான் ஒரு புடி போட்டேன் சார். குழியாண்ட வரைக்கும் வந்துட்டு சும்மா திரும்ப மனசு வரல. தப்பா சார்?"

"தப்பில்லை" என்றார் வேதமாணிக்கம்.

காஜா ஜட்காவை அழைத்து வந்தான். "ராயபுரந்தான சார்?"

"காசிமேடு."

காஜா வாயைத் திறந்தான். வழியில் ஏதோ சொல்வதற்கு வைத்திருந்தான் போலும். மூடிக்கொண்டு குதிரைக்காரன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் யாரும் இல்லை. ஞானத்தின் மேட்டுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மரச்சிலுவையில் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவர் மண்டியிட்டார். மூன்று வார அக்கினி வெயிலில் மண் இறுகிப்போயிருந்தது. ஒரு பிடி எடுப்பதற்கு நகத்தால் கிளற வேண்டியிருந்தது. நகத்தடியில் வலித்தது. கிளறி எடுத்ததை மேட்டின் மேல் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு பிடிக்காகக் குனிந்தவர் நிமிரவில்லை. அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த காஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான். குதிரைக்காரன் போகலாமா என்று கையால் கேட்டான்.

"நேரம் ஆவும் மாமு" என்றான் காஜா. "குதிரைய அவுத்து வுடு."